அம்மாவின் பழைய காஞ்சிப் பட்டுகள்: எதைக் கட்டலாம், எதை விற்கலாம், எதைத் தொடவே கூடாது?

நித்யா_கோவை

வணக்கம். அம்மாவோட பீரோவுல பதினோரு பட்டுச் சேலை இருக்கு. 1975-லிருந்து 1998-க்குள்ள எடுத்தது. எல்லாமே காஞ்சிபுரம்னுதான் சொல்றாங்க, ஆனா பில் எதுவும் இல்ல. பாலிதீன் கவர்ல போட்டு, உள்ளேயே பாச்சை உருண்டையும் போட்டு, பல வருஷமா அப்படியே மடிச்ச மடிப்புல கிடக்கு.

அரக்குச் சேலையில ஜரிகை கறுத்துடுச்சு. பச்சை உடம்பு, மாம்பழ மஞ்சள் பார்டர் போட்ட சேலை மடிப்பு மடிப்பா விட்டுப்போற மாதிரி தெரியுது. கத்திரிப்பூ கலர் சேலையில முந்தி பக்கம் விளக்கு எண்ணெய்க் கறை, உள்ளங்கை அகலத்துக்கு. மீதி எட்டும் பார்க்க நல்லா இருக்கு, நாத்தம்தான் போக மாட்டேங்குது.

பாலிஷ் போடறவர் "எல்லாத்தையும் புதுசு மாதிரி பண்ணித் தரேன்"ங்கறார். பழைய பட்டு வாங்கற ஆள் ஒருத்தர் வந்து, சேலைக்கு 1,500 ரூபாய், பதினொண்ணையும் மொத்தமா எடுத்துக்கறேன்ங்கறார். இன்ஸ்டாகிராம்ல பழைய சேலை வித்துக் குடுக்கற ஒரு பக்கத்துல கேட்டா, 35 சதவீதம் கமிஷன்ங்கறாங்க. ஆவணியில ஒரு கல்யாணத்துக்கு இதுல ஒண்ணைக் கட்டவும் ஆசை. எங்கேயிருந்து ஆரம்பிக்கறது?

வெள்ளாவி

முதல்ல பாலிஷ்காரருக்கு போன் போட்டு வேண்டாம்னு சொல்லிடுங்க. மத்ததெல்லாம் மெதுவா பேசலாம்.

பாலிஷ்ங்கறது சேலைக்குக் கஞ்சியோ பசையோ ஏத்தி, சூடான உருளையில விட்டு இழுக்கறது. நல்ல திடமான சேலைக்கு அது மொடமொடப்பு கொடுக்கும். நாற்பது வருஷச் சேலைக்குக் கொடுத்தா, ஏற்கெனவே காய்ஞ்சு கிடக்கற நூல் பசையோட சேர்ந்து இறுகிடும். வளைய வேண்டிய நூல் வளையாது. அடுத்த தடவை மடிக்கும்போது அந்த மடிப்புலயே முறியும். அன்னைக்குப் பளபளன்னு இருக்கும், அடுத்த பண்டிகைக்கு எடுத்தா வரிவரியா கிழிஞ்சிருக்கும். அந்தக் கஞ்சி இராமபாணப் பூச்சிக்குத் தீனியும் கூட.

அடுத்தது நாத்தம். பாலிதீன் கவரையும் உருண்டையையும் மொத்தமா வெளியே எடுங்க. சின்னக் குழந்தைங்க இருக்கற வீடுன்னா உருண்டையைக் கண்டிப்பா தூக்கிப் போடணும். ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே வர்ற ஒரு என்சைம் குறை) உள்ள குழந்தைக்கு, உருண்டையில இருக்கற நாப்தலின் ரத்த அணுக்களையே உடைச்சுடும். உருண்டையோட யாராவது சூடத்தையும் சேர்த்துப் போட்டிருக்காங்களான்னு பாருங்க. ரெண்டும் தொட்டுக்கிட்டு இருந்தா நம்ம ஊர் வெயில் சூட்டுக்கே இளகி எண்ணெய் மாதிரி வழியும். "எண்ணெயே படல, கறை எங்கேருந்து வந்துது"ன்னு நிறைய பேர் குழம்பறது இதுலதான்.

சேலையைப் பிரிச்சு, வெயில் படாத ரூம்ல, அகலமான கட்டில் மேல பருத்தி விரிப்பு போட்டு விரிங்க. கொடியில தொங்க விடாதீங்க. முக்கால் கிலோ எடை மொத்தமும் ஒரே கோட்டுல தொங்கும், பழைய பட்டு தாங்காது. ஃபேன் மெதுவா ஓடட்டும். காலையில ஒரு பக்கம், சாயங்காலம் மறுபக்கம், மூணு நாலு நாள். சென்ட் அடிச்சு நாத்தத்தை அமுக்கப் பார்க்காதீங்க. அதுல இருக்கற ஆல்கஹால் சாயத்துல வட்டம் போட்டுடும்.

விளக்கு எண்ணெய்க் கறை பழசுன்னா வீட்டுல முழுசா போகாது. ஆனா கடைக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைச் செய்ங்க. கறைக்கு அடியில ஒரு வெள்ளை பருத்தித் துணி வைங்க. மேல வாசனை இல்லாத டால்கம் பவுடரைக் கால் அங்குல கனத்துக்குக் கொட்டி, ராத்திரி முழுக்க விடுங்க. காலையில மெல்லிய பிரஷால ஒரே திசையில தட்டி எடுங்க. தேய்க்கக் கூடாது. தேய்ச்சா பட்டோட மேல்பரப்பு சிலும்பி, கறை போனாலும் அந்த இடம் வெளுத்த மாதிரி தெரியும். ரெண்டு மூணு தடவை செஞ்சாலே பாதி எண்ணெய் பவுடருக்கு வந்துடும்.

மீதிக்கு பெட்ரோல் வாஷ், அதாவது தண்ணி இல்லாம கரைப்பான்ல அலசற டிரை வாஷ். கொடுக்கும்போது கறையைச் சுத்தி வெள்ளை நூலால நாலு தையல் போட்டு, "இது எண்ணெய்"னு எழுதியே கொடுங்க. ஏன்னா அந்தக் கரைப்பான்ல எண்ணெய் கரையும். பாயசம், ஜூஸ், வேர்வை இதெல்லாம் கரையாது. சொல்லாம கொடுத்தா மொத்தமா மெஷின்ல போட்டு எடுத்து, கடைசியில சூடா அயர்ன் பண்ணுவாங்க. கண்ணுக்கே தெரியாம இருந்த சர்க்கரைக் கறை அந்தச் சூட்டுல பழுப்பாகி நிரந்தரமாயிடும். ரசீதுலயே "பாலிஷ் வேண்டாம், ஸ்டார்ச் வேண்டாம்"னு எழுத வைங்க. திரும்பி வந்ததும் கடைக் கவரைக் கழட்டி ஒரு நாள் காத்தாட விடுங்க.

மஞ்சள் கறை எதுலயாவது இருந்தா சோப்பு மட்டும் படவே கூடாது. காரம் பட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பா மாறிடும். குங்குமம்னா உதறி, பிரஷால தட்டறதோட நிறுத்திக்குங்க.

கறுத்த ஜரிகையில புளி, எலுமிச்சை, பேஸ்ட், வெள்ளிப் பாத்திரம் துலக்கற பொடி எதுவும் கூடாது. சோடா உப்பும் அலுமினிய ஃபாயிலும் போட்டு வெந்நீர்ல முக்கற வீடியோ ஒண்ணு சுத்துது. வெள்ளிக் கொலுசுக்கு அது சரி. பட்டுக்குக் காரமும் ஆகாது, வெந்நீரும் ஆகாது. ஜரிகை மேல இருக்கற தங்கப் பூச்சு அவ்வளவு மெல்லிசு, துலக்கினா கறுப்போட சேர்ந்து தங்கமும் போயிடும். உலர்ந்த மல்மல் துணியால மெதுவா ஒத்தி எடுங்க. வர்றது வரட்டும்.

பாவுநூல்

வெள்ளாவி சொன்னதை ஒட்டி, துணியின் வலுவையும் ஜரிகையையும் பற்றி நான் சொல்கிறேன். எதைக் கட்டுவது, எதை விற்பது என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்யும். நிறமும் டிசைனும் அதற்குப் பிறகு.

துணிக்குச் சோதனை: பகல் வெளிச்சம் வரும் ஜன்னலுக்கு எதிராகச் சேலையை இரண்டு பேர் பிடியுங்கள். ஒவ்வொரு மடிப்புக் கோட்டையும் கண்ணால் தொடருங்கள். ஊசி குத்தினாற்போல வெளிச்சப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அங்கே நூல் முறிய ஆரம்பித்துவிட்டது. புள்ளி இல்லையென்றால், மடிப்புக் கோட்டின் இரு புறமும் கட்டைவிரலை வைத்து, அகலவாக்கில் மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். காகிதம் போல 'சரக்' என்று சத்தம் வந்தால் பட்டு இற்றுப்போக ஆரம்பித்திருக்கிறது. இந்தச் சோதனையை உடலில் மட்டும் செய்தால் போதாது. பார்டர் உடலோடு சேரும் கோர்வை, முந்தி உடலோடு சேரும் பெட்னி, இடுப்பில் செருகும் பகுதி, ஃபால்ஸ் தைத்த விளிம்பு ஆகியவைதான் முதலில் விடும் இடங்கள். பருத்தி ஃபால்ஸ் சுருங்கியிருந்தால் பட்டு அங்கே சுருக்கம் சுருக்கமாக நிற்கும். அந்த ஃபால்ஸை இப்போதே பிரித்துவிடுங்கள். நூலை இழுக்காமல், சின்னக் கத்தரியால் ஒவ்வொரு தையலாக வெட்டி எடுங்கள்.

ஜரிகைக்குச் சோதனை: முந்திக் கடைசியில் குஞ்சம் பக்கம், அல்லது ரவிக்கைத் துண்டு வெட்டிய ஓரத்தில், ஒரே ஒரு ஜரிகை இழையை உருவுங்கள். அதை நகத்தால் பிரித்தால் உலோக நாடா சுருள் சுருளாகக் கழன்று வரும், உள்ளே ஒரு நூல் இருக்கும். அசல் ஜரிகையில் அந்த நூல் பட்டு, பெரும்பாலும் சிவப்பு அல்லது ஆரஞ்சு. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். "சுரண்டினால் சிவப்பு தெரிந்தால் அசல்" என்று கேள்விப்பட்டு, செம்பின் சிவப்பைப் பார்த்து அசல் என்று நினைத்துவிடுகிறார்கள். சிவப்பு நூலில் இருக்க வேண்டும், நாடாவில் அல்ல. நாடாவைச் சுரண்டினால் அப்பட்டமான செம்பு தெரிந்து, உள்ளே பருத்தியோ பாலியஸ்டரோ இருந்தால் அது டெஸ்டட் ஜரிகை, அதாவது செம்புக் கம்பியில் வெள்ளி முலாம். இழையை இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டினால் மொத்தமும் உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டால் வெறும் பிளாஸ்டிக் ஜரிகை.

பட்டுக்கும் இதே தீச்சோதனைதான். உடல் நூல் எரியும்போது முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. லேபிள் தேட வேண்டாம். சில்க் மார்க் வந்ததே 2004-ல்தான், உங்கள் சேலைகள் எல்லாம் அதற்கு முந்தியவை.

ஜரிகை கறுத்திருப்பதைக் குறையாக மட்டும் பார்க்காதீர்கள். காற்றிலும் வேர்வையிலும் ரப்பர் பேண்டிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்துதான் அந்தக் கறுப்பு வருகிறது. செம்பு அதிகம் என்றால் பெரும்பாலும் பழுப்பாகவோ பச்சை பூத்தோ இருக்கும். உங்கள் அரக்குச் சேலை கறுத்திருக்கிறது என்றால் அதில் வெள்ளி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இப்போது 1,500 ரூபாய்க்காரருக்கு வருவோம். அவருக்குச் சேலை வேண்டாம், வெள்ளிதான் வேண்டும். எரித்து, சாம்பலை உருக்கி, உலோகத்தைப் பிரிப்பார்கள். காஞ்சிபுரத்தில் ஜரிகையை மார்க் கணக்கில் சொல்வார்கள், ஒரு மார்க் 242 கிராம். அசல் ஜரிகையில் வெள்ளி 57 விழுக்காடு, தங்கம் 0.6 என்பது காஞ்சிப் பட்டின் புவிசார் குறியீட்டோடு சொல்லப்படும் அளவு. பிற்பாடு வெள்ளி 40, தங்கம் 0.5 என்று குறைத்த ஜரிகையும் புழக்கத்துக்கு வந்தது. அரை மார்க் ஜரிகை போட்ட சேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 121 கிராம் ஜரிகை. வெள்ளி 48-லிருந்து 69 கிராம், தங்கம் 0.6-லிருந்து 0.7 கிராம். கணக்கு எளிதாக இருக்க வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்தாலும், வெள்ளி மட்டும் 4,800-லிருந்து 6,900 ரூபாய். அன்றன்றைய விலையை நீங்கள் போட்டுப் பாருங்கள். தங்கம் கிராம்கூட இல்லையே என்று விடாதீர்கள். இன்றைய விலையில் அந்த அரை கிராம் சொச்சமே சில ஆயிரம். வாங்குகிறவர் தங்கத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

உருக்குக் கழிவு, பிரிக்கும் கூலி, அவர் லாபம் எல்லாம் போக வேண்டும்தான். அப்படியும் உலோக மதிப்பில் பாதிக்குக் கீழே கேட்டால் கொடுக்காதீர்கள். "மொத்தமா எடுத்துக்கறேன்" என்பதற்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. அகல ஜரிகை போட்ட ஒரு சேலையிலேயே அவர் பதினொன்றின் காசில் பெரும்பங்கைத் திரும்ப எடுத்துவிடுவார். சேலை சேலையாக, எக்ஸ்ரே இயந்திரத்தில் உங்கள் கண் முன்னால் சோதித்து, விழுக்காட்டைக் காட்டச் சொல்லுங்கள். அவர் உரசிப் பார்த்துச் சொன்னால் அது அவர் இஷ்டக் கணக்கு.

ஆனால் எரிப்பதற்குக் கொடுப்பது கடைசி வழி. கட்டக்கூடிய நிலையில் உள்ள சேலை, சேலையாகவே நல்ல விலைக்குப் போகும். இற்றுப்போன சேலைக்குத்தான் வெள்ளிக் கணக்கு.

பாப்பாத்தி_ஈரோடு

இவ்வளவு எதுக்குங்க? பூந்திக்கொட்டை ஊற வெச்சு அலசுனா நாத்தமும் போயிரும், பட்டும் பளபளன்னு வந்துரும். அந்தக் காலத்துல எல்லாரும் அதைத்தானுங்களே பண்ணாங்க. பத்துக் கொட்டை, விதை எடுத்துட்டு, ஒரு லிட்டர் தண்ணில ராத்திரி ஊற வெச்சு வடிகட்டி, அரை பக்கெட் தண்ணில கலந்தாப் போதும்.

வெள்ளாவி

அளவு சரிதாங்க, பூந்திக்கொட்டையும் பட்டுக்கு நல்லதுதான். ஆனா ஒரே கலர், ஜரிகை இல்லாத சாஃப்ட் சில்க்குக்கு மட்டும். அதையும் மூணு நிமிஷத்துக்கு மேல ஊற வைக்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, வெள்ளை சந்தனக் கலர்னா லேசா பழுப்பேறும்.

இவங்க சொல்ற பச்சை உடம்பு மஞ்சள் பார்டர்ல அதைச் செஞ்சா பச்சை இறங்கி மஞ்சள் பார்டர்ல ஏறும். அப்புறம் அதை எந்தக் கடையிலயும் எடுக்க முடியாது. சந்தேகம்னா உள்பக்கம் மறைவா ஒரு இடத்துல ஈரமான வெள்ளைத் துணியை அஞ்சு நிமிஷம் அழுத்தி வெச்சுப் பாருங்க. துணியில துளி கலர் வந்தாலும் தண்ணி கூடாது. உப்பு போட்டா சாயம் நிக்கும்னு அடுத்து யாராவது வருவாங்க. ஏற்கெனவே ஏத்தின சாயத்தை உப்பு பிடிச்சு வைக்காது.

கௌரி76

கமிஷன் பக்கத்துல கொடுக்கறதைப் பத்தி. 35 சதவீதம் அநியாயம்னு சொல்ல மாட்டேன். போட்டோ, பதில் சொல்றது, பேரம், பேக்கிங், ரிட்டர்ன் எல்லாம் அவங்க தலையில. ஆனா கையில என்ன நிக்கும்னு முதல்ல பாருங்க. சேலை 8,000-க்குப் போனா 2,800 அவங்களுக்கு. மீதி 5,200-ல டிரை வாஷ் 400, நீங்க அனுப்பற கூரியர் 150 போனா 4,650. பாவுநூல் சொன்ன வெள்ளிக் கணக்குல ஒரு சேலைக்கு அதை விடக் கூட வருதுன்னா, எந்த விலைக்குக் கீழே விக்கக் கூடாதுங்கறது உங்களுக்கே தெரிஞ்சுடும். அந்தக் கீழ்விலையை எழுத்துல கொடுத்துட்டுத்தான் சேலையை அனுப்பணும்.

அவங்ககிட்ட எழுத்துல வாங்க வேண்டியது: எத்தனை நாள் வெச்சிருப்பாங்க (60 இல்ல 90 நாள்னு தெளிவா), தள்ளுபடி போட்டா அது யார் பங்குல கழியும், விக்கலைன்னா திருப்பி அனுப்பற கூரியர் யார் செலவு, அவங்க கையில இருக்கும்போது கறை பட்டாலோ தொலைஞ்சாலோ என்ன தருவாங்க, வித்து எத்தனை நாள்ல பணம். தள்ளுபடி விஷயத்துலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. "ஆடித் தள்ளுபடி 30 சதவீதம்"னு அவங்களே போட்டுட்டு, கமிஷனை மட்டும் பழைய விலைக்குக் கணக்குப் பண்ணுவாங்க.

போட்டோ நீங்களும் எடுத்து வெச்சுக்குங்க, தேதியோட. காலை வெளிச்சத்துல, ஃபிளாஷ் இல்லாம. முழு முந்தி, பார்டர் கிட்டத்துல, கோர்வை, பின்பக்கம். ஒவ்வொரு குறைக்கும் பக்கத்துல ஒரு ரூபாய் காசு வெச்சு ஒரு படம். நெசவுல எங்கேயாவது இழை பிசகி இருக்கும், அதையும் எடுங்க. திரும்பி வர்றது உங்க சேலைதானான்னு பார்க்க அதுதான் அடையாளம்.

விவரத்துல நீளம், அகலம், எடை, ரவிக்கைத் துண்டு இருக்கா வெட்டியாச்சா, இதெல்லாம் அளந்து எழுதணும். அகலம் முக்கியம். பழைய சேலை சிலது 45 அங்குலம்தான் இருக்கும், உயரமானவங்க வாங்கிட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்க. ஜரிகையை மெஷின்ல சோதிக்காம "ப்யூர் ஜரி"ன்னு எழுதாதீங்க. "ஜரிகை சோதிக்கவில்லை, உள் இழை சிவப்புப் பட்டு"ன்னு எழுதுங்க. விவரம் தெரிஞ்சவங்க அதைப் பார்த்துதான் நம்புவாங்க. உருண்டை நாத்தத்தோட அனுப்பினா எந்த நல்ல சேலையும் திரும்பி வரும், அதனால காத்தாட விட்ட பிறகுதான் இந்த வேலையே.

எதை அனுப்பறது? எட்டுல வெளிச்சச் சோதனை பாஸ் ஆனதை மட்டும். தாழம்பூ ரேக்கு, ருத்ராட்சம், கோபுரம் மாதிரி பழைய கரைகள், கட்டம், ரெட்டைப் பேட்டு (ரெண்டு ஓரமும் வேற வேற கலர் பார்டர்), மயில்கழுத்துக் கலர், எம்.எஸ். ப்ளூ (பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி பேரால வந்த நீலம்), இதுக்கெல்லாம் தேடி வர்ற ஆள் உண்டு. ஒரே கலர்ல சின்ன பார்டர் போட்டது மெதுவாத்தான் போகும். அதுல நல்லதா ஒண்ணை நீங்களே கட்டுங்க.

பேக்கிங்: பருத்தித் துணியில சுத்தி, வெளியில மட்டும் மழைக்கு ஒரு பாலிதீன், அப்புறம் அட்டைப் பெட்டி. பெட்டிக்குள்ள ரப்பர் பேண்ட் வேண்டாம்.

கொசுவம்

கல்யாணத்துக்குக் கட்டறதைப் பத்தி யாரும் சொல்லலை.

வெளிச்சச் சோதனையில ஒரு புள்ளி தெரிஞ்சாலும் அந்தச் சேலையைக் கட்டாதீங்க. பந்தியில உட்காரும்போது இடுப்புலயும் முட்டியிலயும்தான் இழுக்கும், அங்கே ஒரு விரல் கிழிஞ்சா முழங்கை நீளத்துக்கு ஓடும்.

சாட்டின் பாவாடை வேண்டாம். கனமான பட்டு அதுல நிக்காம வழுக்கும், நீங்க இழுத்து இழுத்துச் செருகுவீங்க. பருத்தி உள்பாவாடை போட்டு நாடாவை இறுக்கமா கட்டினா ஒரு பின்னுலயே வேலை முடிஞ்சுடும். பின்னை ஜரிகை மேல குத்தாதீங்க, ஜரிகை இழை ஒண்ணு அறுந்தா அந்த வரியே தொங்கும். தோள்ல மடிப்பு எல்லாத்தையும் சேர்த்துப் பிடிச்சு, ரவிக்கையோட உள்பக்கத்துலேருந்து குத்துங்க. பின்னோட சுருள்ல ஒரு சின்ன பாசிமணி கோத்துட்டா துணி அதுக்குள்ள போய் சிக்காது.

இப்போ எல்லாரும் சேலையை முன்னாடியே மடிப்பு வெச்சு, அயர்ன் பண்ணி, பெட்டி மாதிரி மடிச்சு வாங்கறாங்க. புதுச் சேலைக்குச் செய்ங்க. பழைய பட்டுல ஒவ்வொரு கொசுவத்துலயும் சூடா ஒரு கோடு போட்டா, அத்தனையும் நாளைக்கு முறியற கோடு. வேணும்னா அயர்ன் இல்லாம, முதல் நாள் சாயங்காலம் மட்டும் கிளிப் போட்டு வெச்சுக்குங்க. அயர்ன் பண்ணியே ஆகணும்னா உள்பக்கம், பட்டு அளவுச் சூடு, மேல ஒரு மல்மல் துணி. தண்ணி தெளிக்கக் கூடாது, சொட்டு விழுந்த இடமெல்லாம் வட்டம் நிக்கும்.

சென்ட், டியோடரன்ட் எல்லாம் சேலை கட்டறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே முடிச்சுடுங்க. முள்ளு முள்ளா வேலைப்பாடு இருக்கற ஒட்டியாணம் பழைய பட்டுக்கு அரம் மாதிரி, தவிர்த்துடுங்க. ரவிக்கைக்கு அதே கலரைத் தேடி அலையாதீங்க. நாற்பது வருஷ அரக்கும் இன்னைக்குக் கடை அரக்கும் பக்கத்துல வெச்சா ரெண்டும் அசிங்கமாத் தெரியும். பார்டர் கலர்லயோ முந்திக் கலர்லயோ, பளபளப்பு குறைஞ்ச ரா சில்க்ல எடுங்க.

வீட்டுக்கு வந்ததும் அப்படியே மடிச்சு வைக்காதீங்க. கட்டில் மேல உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி ராத்திரி முழுக்க விரிச்சு, வேர்வை காய்ஞ்ச பிறகு மடிங்க.

நித்யா_கோவை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாலிஷ் வேண்டாம்னு சொல்லிட்டேன். ஜன்னல்ல பிடிச்சுப் பார்த்தோம். எட்டுல ஏழு நல்லா இருக்கு, ஒண்ணுல கோர்வை விட்டிருக்கு. அரக்குல துணி நல்ல வலுவா இருக்கு, உள் இழை சிவப்பு. பச்சையிலதான் மூணு மடிப்புலயும் வரிசையா புள்ளி, ஒரு இடத்துல விரலே போகுது. ஆனா மஞ்சள் பார்டரும் முந்தியும் அப்படியே உறுதியா இருக்கு. அம்மாவுக்கு அதை எரிக்கக் கொடுக்க மனசே இல்ல. பின்னாடி பேஸ்டிங் ஒட்டித் தைக்கலாமா? நல்லா இருக்கறதை இனிமே எப்படி வைக்கறது?

பாவுநூல்

பேஸ்டிங் வேண்டாம். சூட்டில் ஒட்டும் பசை அந்த இடத்தை அட்டை போல விறைப்பாக்கும். விறைப்பு முடிகிற ஓரத்தில் புதிதாகக் கிழியும். ஒரே ஒரு இடத்தில் விட்டிருந்தால், அதே நிற மெல்லிய பட்டுத் துணியைப் பின்னால் வைத்து, கிழிசலைச் சுற்றி 3 செ.மீ. நல்ல துணி வரைக்கும் பட்டு நூலால் கையால் இழை ஓட்டலாம். கோர்வை விட்ட சேலைக்கு இந்த முறை போதும். மூன்று மடிப்பும் போன உடலுக்கு அது வீண் செலவு.

பச்சைக்கு பார்டர் மாற்றுவதுதான் வழி. பழைய பார்டரையும் முந்தியையும் வெட்டி எடுத்து, புதிய வெற்றுப் பட்டு உடலில் இணைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. வெட்டும்போது பார்டரோடு பழைய உடல் ஒரு செ.மீ. ஒட்டியிருக்க வேண்டும், கோர்வையிலேயே வெட்டினால் இழை பிரிந்துவிடும். புது உடல் துணி பழையதன் கனத்துக்கு இருக்க வேண்டும். மெல்லிய துணியில் கனமான பார்டரைத் தைத்தால் கொசுவத்தில் பார்டர் தொங்கி, உடல் சுருங்கி நிற்கும். கடைக்குப் பழைய உடலில் ஒரு சாண் துண்டை எடுத்துப்போய் இரண்டையும் விரலில் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். பழைய பார்டர் சுருங்க வேண்டிய அளவு சுருங்கிவிட்டது, புதுத் துணி இனிமேல்தான் சுருங்கும். அதனால் புதுத் துணியைத் தைப்பதற்கு முன் ஒரு முறை டிரை வாஷ் கொடுத்து எடுங்கள்.

வெள்ளாவி

வைக்கறதுக்கு: கஞ்சி போக நல்லா அலசின பழைய வேட்டி, சேலைக்கு ஒண்ணா வெட்டிக்குங்க. ஜரிகை உள்ளே போற மாதிரி மடிச்சு அதுல சுத்தி வைங்க. இந்தத் தடவை நாலா மடிச்சா அடுத்த தடவை மூணா மடிங்க, அப்போதான் மடிப்புக் கோடு மாறும். மடிப்புக்குள்ள ஒரு சுருட்டின மல்மல் துணியை வெச்சா கத்தி மாதிரி மடிப்பு விழாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும்.

கறுத்த ஜரிகைச் சேலையை இன்னும் கவனமா வைக்கணும். துணிக்கடையில தூக்கிப் போடற அட்டைக் குழாயை வாங்கி, மேல பருத்தித் துணி ரெண்டு சுத்து சுத்தி, அதுல சேலையை உருட்டுங்க. மடிப்பே இருக்காது.

அடுக்கினா நாலு சேலைக்கு மேல வேண்டாம், கனமானது அடியில. பூச்சிக்கு வசம்புத் துண்டு ரெண்டு மூணு சின்னத் துணியில முடிஞ்சு பீரோ மூலையில போடுங்க, சேலை மேல இல்ல. வேப்பிலைன்னா சருகாக் காய்ஞ்சிருக்கணும், இல்லைன்னா அதுவே கறை. ஐப்பசி கார்த்திகை மழையில பீரோவைத் திறந்து வெச்சுக் காத்தாட விடாதீங்க, ஈரம்தான் உள்ளே போகும். தை, மாசியில பகல்ல எடுங்க.

பீரோ இரும்பா? உள் தட்டுல எங்கேயாவது துரு இருக்கான்னு விரலால தடவிப் பார்த்துட்டு, தடிமனான துணி விரிச்சுட்டு வைங்க. துருக்கறை பட்டுல ஏறினா பவுடரும் எடுக்காது, பெட்ரோலும் எடுக்காது.